அந்த 21 சென்டிமீட்டர் எதற்கு என்று கேட்டாயே

ஸ்கார்பரோ, டொராண்டோ
13.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ, மாமா, பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லாரும் நலம்தானே. தினமும் வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டே இருக்கிறோம், இதில் கடிதம் வேறு எதற்கு என்று சிரிப்பாய். காலாண்டுத் தேர்வு நேரத்தில் உன்னைத் தொல்லை பண்ணி, பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு உச்சி வேளை நிழலை அளக்கச் சொன்னேன். நீயும் வெயிலில் நின்று அளந்து, "இருபத்தோரு சென்டிமீட்டர். இது எதுக்குடி?" என்று அனுப்பியிருந்தாய். அதற்கு ஒரு வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல முடியாது. இன்று இங்கே தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, இவர் மட்டும் வேலைக்குப் போயிருக்கிறார். உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

முதலில் என் வேலையைப் பற்றி. இரண்டு வருடம் சப்ளை டீச்சராக, இன்று இந்தப் பள்ளி நாளை அந்தப் பள்ளி என்று ஓடினேன். இந்த வருடம்தான் நிலையாக நான்காம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். இருபத்தைந்து பிள்ளைகள். அதில் ஆறு பேர் வீட்டில் தமிழ், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். ஒரு பையனை அழைத்துப்போக அவனுடைய அம்மப்பா வருவார். "பிள்ளை வடிவாய்ப் படிக்கிறானோ டீச்சர்?" என்று அவர் முதல் நாள் கேட்டபோது, படிப்பில் அழகு எங்கிருந்து வந்தது என்று திகைத்துப்போனேன். வடிவாய் என்றால் நன்றாக என்று அர்த்தமாம்.

அறிவியலுக்கு என் வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது, அக்கா. ஒன்டாரியோ மாகாணம் 2022-ல் புதிய பாடத்திட்டம் போட்டது. நான்காம் வகுப்பில் ஒளியும் ஒலியும், வாழிடங்கள், இயந்திரங்கள், பாறைகள், கூடவே கோடிங். எதைக் கற்றிருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். எப்படி என்பது நம் பாடு. பிள்ளைகளே கேள்வி கேட்டு, செய்து பார்த்து, தாங்களே விளக்கம் சொல்ல வேண்டும், பெயரும் விதியும் கடைசியில் வந்தால் போதும் என்கிறார்கள். கேட்கும்போது எனக்கும் பிடித்திருந்தது. வகுப்பில் நின்றால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நாம் படித்ததும் பாடம் நடத்தியதும் விடையை முதலில் சொல்லித்தானே?

செப்டம்பர் நடுவில் நிழல் பாடம். காலையில் குச்சி நட வெளியே போகும்போது நானாக ஒரு வரியைச் சொல்லிவைத்தேன்: "மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சிக்கு வரும், அப்போது நிழலே இருக்காது." உனக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், ஒரு மீட்டர் குச்சிக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நிழல், கறுப்பாக நீட்டிப் படுத்திருக்கிறது. பிள்ளைகள் நிழலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு சீனப் பெண் பிள்ளை, மரியாதையாகத்தான், "மிஸ், இன்னும் இருக்கே?" என்றாள். கடிகாரம் தவறோ என்று ஒருத்தன் என்னைக் காப்பாற்றப் பார்த்தான்.

அவன் சொன்னதில் பாதி சரி என்பது பிறகு தெரிந்தது. அன்று எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. "எனக்குத் தெரியல, கண்டுபிடிப்போமா?" என்றேன். இத்தனை வருடத்தில் வகுப்பில் நான் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த இரண்டு நாளும் மேகம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அப்போது அவர்களுக்கு நம் புதுச்சேரிக் கதை ஒன்றைச் சொன்னேன். லெ ஜென்டில் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-ல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். போய்ச் சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, 1761-ல் நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று, அளவு எதுவும் எடுக்க முடியவில்லை. மறுபடி 1769-ல் வரும் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். புதுச்சேரிக்கு வந்து ஒரு வான் ஆய்வுக்கூடமும் கட்டிக்கொண்டார். ஜூன் மாதம் அந்த நாள் காலை, மேகம்! ஊருக்குத் திரும்பினால் ஆள் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி, சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடும் ஊர் அது என்று சொன்னதும், பிள்ளைகளுக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது. நான்தான் அந்த மேகத்தை அனுப்பியவள் மாதிரி!

செப்டம்பர் 22, திங்கள். நல்ல வெயில். பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக வரும் நாள். இந்த முறை முழு நாளும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். டேப்லெட்டை ஸ்டாண்டில் மாட்டி டைம்-லாப்ஸ் வீடியோவுக்கு வைத்தோம், ஆறு மணி நேர நிழல் இருபது நொடியில் ஓடும். அது போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு பையன் மட்டும் கால் மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய் நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டு நேரத்தை எழுதிக்கொண்டிருந்தான். வகுப்பில் உட்காராமல் இருக்க அவனுக்கு ஒரு சாக்கு, நானும் விட்டுவிட்டேன். பன்னிரண்டரைக்கு டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்துபோனது. நிழல் மிகக் குட்டையான நேரம் எது தெரியுமா? மதியம் ஒரு மணி பத்து நிமிடத்தை ஒட்டி. வீடியோவில் அது இல்லவே இல்லை. தரையில் சாக்பீஸ் கோடு இருந்தது. நாடாவை வைத்து அளந்தார்கள்: 96 சென்டிமீட்டர்.

ஒரு மணி பத்து ஏன்? கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். தவிர இந்த நேர மண்டலத்தின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே டொராண்டோ இருக்கிறது. சூரியனுக்குக் கடிகாரம் தெரியுமா என்ன. இதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை, கடிகாரம் தவறோ என்று கேட்டானே, அவனே இரண்டு நாளில் வீட்டில் விசாரித்து வந்து சொன்னான்.

அடுத்து, நிழல் ஏன் மறையவில்லை என்ற கேள்வி. "உங்க ஊர்ல மறையுமா மிஸ்?" என்று கேட்டார்கள். மறையும் என்று வாய் வரை வந்தது. அப்புறம்தான் யோசித்தேன், நான் எப்போது பார்த்தேன்? அதனால்தான் உனக்குச் சொல்லி, அதே 22-ஆம் தேதி நிழலை அளக்கச் சொன்னேன். நீ அனுப்பிய 21-ஐப் பலகையில் 96-க்குப் பக்கத்தில் எழுதினேன். அதோடு நீ நின்றுகொண்டு அளந்த போட்டோவையும் ஸ்மார்ட் போர்டில் போட்டேன். உன் புடவையை எல்லாரும் பாராட்டினார்கள், அதை மறக்காமல் எழுதச் சொன்னார்கள்.

இன்னொன்றும் செய்தோம். தாத்தா நெல்லிக்குப்பத்துக் கரும்புக் காட்டில் துரும்பை வைத்து மணி பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? பதினாறு விரற்கடை நீளத் துரும்பை ஒடித்து, நிமிர்ந்து நிற்கும் பாகத்தின் நிழல் படுத்திருக்கும் பாகத்தின் நீளத்துக்குச் சரியாக விழும்படி வைத்தால், நிற்பது எத்தனை விரலோ, சூரியன் உதித்து அத்தனை நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்). இங்கே காகித ஸ்ட்ராவை வெட்டி அதைச் செய்தோம். உச்சி வேளையில் எட்டு விரல்தான் நின்றது! சூரியன் உதித்துப் பதினைந்து நாழிகை ஆகியிருக்க வேண்டும். உன்னுடைய 21 சென்டிமீட்டர் கணக்குப்படி கடலூரில் அதே துரும்பு பதிமூன்று விரல் வரை நிற்கும். தாத்தாவின் கணக்கு தாத்தாவின் ஊருக்குத்தான் என்று ஒரு பிள்ளை நோட்டில் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் எதுவும் சேர்க்கவில்லை.

சரி, 21-க்கும் 96-க்கும் காரணம்? உலக உருண்டையில் கடலூரிலும் டொராண்டோவிலும் களிமண்ணை ஒட்டிப் பல்குத்தும் குச்சி நட்டோம். சூரியனுக்கு டார்ச் போதவில்லை. கடைசியில் புரொஜெக்டரைத் தூரமாக நகர்த்தி வெள்ளைத் திரையை மட்டும் ஓடவிட்டு உருண்டைமேல் அடித்தோம். இந்தப் பள்ளியிலேயே விலை உயர்ந்த மின்விளக்கு அதுவாகத்தான் இருக்கும். காரணம் பிள்ளைகளுக்கே தெரிந்தது: டொராண்டோ உருண்டையின் வளைவில் வடக்கே தள்ளி இருக்கிறது, வெளிச்சம் அங்கே அதிகமாகச் சாய்ந்து விழுகிறது, அதனால் நிழல் நீளம். 'தானே' புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாத ராத்திரிகளில் மண்ணெண்ணெய் விளக்கு முன்னால் கையை வைத்துச் சுவரில் மான் ஓடவிட்டோமே, அந்த ஞாபகம் வந்தது எனக்கு.

நம் ஊர் கிழக்கே ஏறக்குறைய 80 டிகிரி, டொராண்டோ மேற்கே ஏறக்குறைய 80. கடலூரை விளக்குக்கு நேரே திருப்பினால் டொராண்டோ இருட்டில். "அப்போ நாங்க நிழல் அளந்தப்போ உங்க அக்கா தூங்கிட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்கள். இரவு பத்தே முக்கால், தூங்கியிருக்க மாட்டாள், தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள் என்றேன்.

இங்கேதான் அந்த வேடிக்கை. உருண்டை சாய்ந்த ஸ்டாண்டில் இருக்கிறதல்லவா, நான் கவனிக்காமல் வடமுனையை விளக்குப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டேன். திடீரென்று ஒரு பிள்ளை, "மிஸ், இந்தியாவோட நிழல் தப்பான பக்கம் விழுது!" என்றாள். குச்சி சாய்ந்திருக்கும் என்று நிமிர்த்தி நட்டேன். அப்போதும் தெற்கே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, வடமுனை சூரியன் பக்கம் சாய்ந்திருப்பது ஜூன் மாதம். ஏப்ரல் 21-ஐ ஒட்டி நம் ஊரில் உச்சி நிழல் மறைகிறது, பிறகு ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி மறுபடி. நடுவில் நான்கு மாதம் உச்சி நிழல் தெற்குப் பக்கம் விழ வேண்டும். வருடத்தில் இரண்டே நாள்தான் நான் சொன்ன மாதிரி நிழல் இல்லாத நாள்! தேவனாம்பட்டினம் கடற்கரையில் எத்தனை மே மாத உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறோம். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தோமா, அக்கா?

இதையெல்லாம் படித்துவிட்டு இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதே. மாகாணத் தேர்வு மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் வாசிப்பு, எழுத்து, கணக்குக்கு மட்டும்தான். அதனால் அறிவியலுக்குக் கிடைப்பது சாயங்கால மிச்சம். நேரம் போதவில்லை என்றால் முதலில் அதைத்தான் தள்ளுவார்கள். பனிக்காலத்தில் இருபத்தைந்து பேருக்கும் ஸ்நோபேன்ட், பூட்ஸ், கையுறை மாட்டி முடிப்பதற்குள் அந்த மிச்சமும் போய்விடும். மெஷின்களும் எப்போதும் உதவுவதில்லை. ஒலிப் பாடத்தில் டப்பா வாயில் பலூனைக் கட்டி மேலே அரிசி போட்டுக் கத்தினால் அரிசி குதிக்கும், அதைப் பார்த்து நன்றாகக் கேள்வி கேட்டார்கள். பிறகு டெசிபல் காட்டும் செயலியைத் திறந்து கொடுத்தேன். அவ்வளவுதான், யாருக்கு நம்பர் அதிகம் வருகிறது என்ற போட்டி. அரிசியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவைத் தட்டினார்.

உன் வகுப்பை நினைத்துக்கொள்வேன். 2007-ல் நம் பக்கம் ஏ.பி.எல். என்ற செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோது, பாயில் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்து நீ பாடம் நடத்தியதை நான் கிண்டல் பண்ணினேன். இப்போது நான் பாதி நாள் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், முட்டி வலிக்கிறது. உங்கள் பள்ளிக்கும் ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, ஆனால் வீடியோ போட்டால் பிள்ளைகள் சாமி ஆடுகிறார்கள் என்றாயே. வீடியோவை முதலில் போடாதே. குச்சியை நட்டு, கோடு போட்டு, அடித்துக்கொண்டு முடித்தபிறகு போட்டுப் பார்.

ஒரு வேலை சொல்கிறேன். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் கொடிக்கம்பத்து உச்சி நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று உன் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல். நான் எழுதியதை அவர்களிடம் சொல்லிவிடாதே. இங்கே என் பிள்ளைகள் உருண்டையில் பார்த்ததோடு சரி, நிஜத்தில் அப்படித்தானா என்று என்னை நச்சரிக்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்பு, வடக்கு எது என்று தரையில் எழுதி வை.

அடுத்த திங்கள் தீபாவளி, இங்கே அன்று பள்ளி உண்டு. அம்மாவிடம் சொல்லி அதிரசம் கொஞ்சம், வெங்காய வடகம் ஒரு டப்பா, யாராவது வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பு. அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, துரும்பு கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கும். நான் எங்காவது தப்பாக எழுதியிருந்தால் அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
உன் தங்கை

பி.கு.: அந்தப் புடவை எங்கே எடுத்தாய் என்று பக்கத்து வகுப்பு டீச்சரும் கேட்டார்.