களிமண்ணுக்கு ஒரு நாள், வண்ணத்துக்கு வேறொரு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி மழலையர் வகுப்புகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்குக் களிமண் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் பல இடங்களில் மண்ணை அச்சில் அடைத்து, ஈரம் காயும் முன்பே போஸ்டர் கலர் பூசி, போட்டோ எடுத்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். காயும்போது மண் சுருங்கும்; மேலே பூசிய வண்ணம் அதோடு சேர்ந்து சுருங்காமல் செதில் செதிலாக உரியும். பிள்ளைக்குக் கிடைத்ததோ அச்சைத் தட்டும் வேலை மட்டும்.

சாலையோரக் குழி மண் வேண்டாம். கண்ணாடிச் சில்லும் சாக்கடை நீரும் கலந்திருக்கும். மண்பாண்டம் செய்பவர்களிடம் மிதித்துப் பதப்படுத்திய மண்ணாகவே கேட்டு வாங்கலாம். ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ தாராளம். பென்சில் கனத்தில் உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் நீர் போதாது, உள்ளங்கையில் ஒட்டினால் அதிகம். மேசையில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் சேறாகிவிடும். அதற்குப் பதில் ஆளுக்கொரு ஈரத்துணி கொடுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளை குத்தும், பிய்க்கும், தட்டும். அதுதான் அந்த வயதின் வேலை. பிள்ளையார் வரவில்லையே என்று ஆசிரியை கை வைக்கக் கூடாது. நான்கில் உருண்டையும் திரியும் வரும். ஐந்தில் ஒட்டக் கற்றுக்கொடுக்கலாம். ஒட்டும் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தயிர்ப் பதத்தில் கரைத்த அதே மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டிய தும்பிக்கை காய்ந்ததும் கழன்றுவிடும்.

பெரியவர் கட்டைவிரலைவிடக் கனமாக எதுவும் வேண்டாம். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்பதால்தான் வெடிப்பு விழுகிறது. வெயிலும் மின்விசிறிக் காற்றும் இதே கேட்டைத்தான் செய்யும். முதல் நாள் செய்தித்தாள் போர்த்தி, பிறகு நிழலில் திருப்பித் திருப்பி மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட ஆகும்.

அதன் பிறகே வண்ணம். வெள்ளைக்கு நாமக்கட்டி, சிவப்புக்குக் காவிக்கட்டி, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், கறுப்புக்கு அரைத்த அடுப்புக்கரி. ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு ஆறிய வடிகஞ்சி. கஞ்சி சேராவிட்டால் வண்ணம் கையோடு வந்துவிடும். நீர்த்துப்போனால் சுடாத மண் கரையும். மஞ்சள் பூசும் இடத்தில் முதலில் நாமக்கட்டி ஒரு பூச்சு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணின் நிறம் மஞ்சளை விழுங்கிவிடும். கஞ்சி மறுநாள் புளிக்கும் என்பதால் அன்றன்றைக்குக் கலக்குவது நல்லது. சுண்ணாம்பைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவராதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. கோலப்பொடியும் மீதமான எனாமல் பெயின்ட்டும் வேண்டவே வேண்டாம். வண்ணம் சேர்த்த செயற்கைக் களிமண்தான் வாங்குவது என்றால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

கை கழுவ வாளி வையுங்கள், தொட்டியில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும். தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; காய்ந்த மண்ணைப் பெருக்கினால் தூசி பிள்ளைகளின் மூச்சில்தான் போகும். வாளியின் அடியில் தங்கும் மண்ணைத் துணியில் வடித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் அடுத்த வகுப்புக்கு ஆகும்.

இப்படிக்கு,
மழலையர் கல்விப் பயிற்றுநர்கள்,
மானாமதுரை