பரம்பரை வியாதியா? மருந்துக் குளிசையையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

குடல் அழற்சி நோய் பற்றி உங்கள் வாரமலரில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் "இது பரம்பரையாகவும் வரலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் பேசி முடித்த சம்பந்தம் குழம்ப அந்த ஒரு வரி போதும். என் தங்கையின் மகளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் வரும் குடல் அழற்சி. வயிற்றுளைவு என்றும் மூலவியாதி என்றும் கைமருந்து கொடுத்துக் காலம் போனது வேறு கதை. இப்போது தாய்வழியா தகப்பன்வழியா என்று ஆளாளுக்குக் குடி விசாரிக்கிறார்கள்.

சரி, பரம்பரைக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஒரு மரபணு செய்யும் வேலை இல்லை இது. நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள், அநேகமாக ஒவ்வொன்றின் பங்கும் சின்னது. அச்சு அசலான இரட்டையர்களில் ஒருவருக்குக் கொலைட்டிஸ் வந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. நோய் கடுமையாவது இன்னொரு கணக்கு. 2001இல் கண்டுபிடித்த நொட்2 மரபணு மாற்றங்கள் உள்ள குரோன்ஸ் (குடல் அழற்சியின் மற்ற முக்கிய வகை) நோயாளிகளுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி ஒபரேஷன் வரை போகும் வாய்ப்பு அதிகம், ஆனால் அந்த மாற்றங்கள் ஐரோப்பியரிடம் உள்ள அளவுக்கு ஆசியரிடம் இல்லை. 2017இல் வந்த ஆய்வொன்றில், குரோன்ஸ் சிலருக்கு லேசாகவும் சிலருக்கு மோசமாகவும் போவதோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள் நோயை வரவைப்பவற்றிலிருந்து வேறாக இருந்தன. ஆகவே மாமாவுக்கு மோசமாக இருந்தது, பிள்ளைக்கும் அப்படித்தான் வரும் என்று முடிவு கட்டுவது வீண்பேச்சு.

மரபணு எங்களுக்கு உண்மையில் அவசரமாவது மருந்து விஷயத்தில், அதைத்தான் கட்டுரையில் காணவில்லை. இந்த நோய்க்குப் பலருக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் அசதியோப்ரின் குளிசை கொடுக்கிறார்கள். அது உடம்பில் அளவுக்கு மீறிச் சேராமல் பார்த்துக்கொள்ளும் நொதிகளில் ஒன்றை உண்டாக்குவது என்யுடிடி15 என்ற மரபணு. அதில் மாற்றம் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு கொடுத்தாலே கிருமிகளோடு போராடும் இரத்த வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கலாம், தலைமுடியும் கொத்தாகக் கொட்டலாம். 2014இல் கொரிய நோயாளிகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் அரிது, தெற்காசியரான எங்களிடம் அப்படி அரிதில்லை. வெள்ளைக்காரருக்கு எழுதிய அளவை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மரபணுப் பரிசோதனைக்கு மட்டக்களப்பிலிருந்து எங்கே ஓடுவது என்று கேட்பீர்கள். அது கிடைக்காவிட்டாலும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் எஃப்.பி.சி. பரிசோதனை இருக்கிறதே, டெங்கு புண்ணியத்தில் அதைத் தெரியாத வீடு இங்கே இல்லை. குளிசை தொடங்கிய முதல் மாதங்களில் டொக்டர் சொன்ன திகதிக்கு அதைச் செய்ய வேண்டும், "பிள்ளை சுகமாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடக் கூடாது. இடையில் காய்ச்சல், தொண்டை நோ, முடி கொட்டல் என்று ஏதும் வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கள். இதையும் ஒரு வைத்திய நிபுணரைக் கொண்டு எழுதிப் போடுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

வாசகி,
களுவாஞ்சிக்குடி