பதவி இல்லாமலே எங்களை ஒன்றுசேர்த்தவர்களுக்கு

எங்கள் குடியிருப்பின் பேரிடர் குழுவினருக்கு,

வெள்ளம் வடிந்து வீடுகளும் காய்ந்துவிட்டன. இனியும் தள்ளிப்போடாமல் எல்லோர் அறியவும் நன்றி சொல்லிவிடுகிறேன்.

அன்று இரவு எச்சரிக்கை முறைப்படி வந்தது. ஆனாலும் பலர் வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்கினார்கள். நீங்கள் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் கிளம்பினார்கள். உங்களில் ஒருவருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. "நம்ம அக்கா சொன்னால் விஷயம் இருக்கும்" என்ற நம்பிக்கைதான் அத்தனை பேரையும் மேட்டுக்கு அழைத்துப் போனது.

நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்த அந்த அக்காவுக்கு என் முதல் நன்றி. யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது, யாருடைய ஆக்சிஜன் இயந்திரம் கரண்ட் போனால் நின்றுவிடும் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதோடு, "உங்களால் என்ன செய்ய முடியும்?" என்றும் ஒவ்வொருவரிடமும் கேட்டார். சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவரிடமும் கேட்டார். அவரிடம் அதுவரை யாராவது அப்படிக் கேட்டிருப்பார்களா, தெரியவில்லை. "போன் பண்ணுவேன்" என்றார். வெள்ளத்தன்று யார் வந்து சேர்ந்தார், யார் இன்னும் வரவில்லை என்ற கணக்கு முழுக்க அவரிடம்தான் இருந்தது. ஐயா, உங்களுக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்புறம், ஆசிரியர். கூட்டங்களைத் தொடங்கியவர் அவர்தான். கொஞ்ச நாளிலேயே "அடுத்ததை வேறொருவர் நடத்தட்டும்" என்று பின்வரிசைக்குப் போய்விட்டார். அங்கிருந்து, வாய் திறக்காதவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைப்பார். மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற சிந்தனையாளர் 1920களிலேயே, பிறர் மீது செலுத்தும் அதிகாரம் வேறு, பிறரோடு சேர்ந்து வளரும் வலிமை வேறு என்று பிரித்துக் காட்டினார் என எங்களுக்குச் சொன்னவரும் இவரே. வெள்ளம் வந்தபோது அவர் வெளியூரில் இருந்தார். வேலை ஒன்றும் நிற்கவில்லை. சார், இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வங்கதேசக் கரையில் 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1972-இல் அங்கே தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டம், அந்தந்த ஊர்க்காரர்களையே தொண்டர்களாக்கி வீடு வீடாக அனுப்பியது. காப்பிடங்களும் பெருகின. இந்த நூற்றாண்டின் கடும் புயல்களில் இறப்பு பல மடங்கு குறைந்திருக்கிறது. தெரிந்த முகம் வந்து கூப்பிட்டால் மனிதர்கள் எழுந்து வருகிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

படகு தந்தவர்கள், மோட்டார் தந்தவர்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டவர்கள், உங்கள் வீடுகளுக்கு நேரிலேயே வருகிறேன்.

அக்கா, நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நேரமானாலும் வண்டி ஓட்ட வருவேன்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்