ஸ்ப்ரேயா, மாத்திரையா?

அன்புள்ள மாப்ளே,

தங்கச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் மூச்சு வந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி எடுத்தவர்களுக்கு, நீ எழுதிய இந்தத் தாகமும் ஓயாத சிறுநீரும் வருவது உண்டு, டயாபடீஸ் இன்சிபிடஸ் என்பார்கள். நிறையப் பேருக்குச் சில நாளில் தானாகவே அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை, சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மருந்தோடுதான் இன்றுவரை ஓடுகிறது.

அந்த மருந்தில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயா மாத்திரையா, எது நல்லது என்று கேட்டாய். இரண்டும் பார்த்தவன் என்ற முறையில் நான் மாத்திரைப் பக்கம். ஸ்ப்ரே சீக்கிரம் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் சளி பிடித்தால் மருந்து சரியாக ஏறாது. போன மார்கழியில் அடித்ததில் பாதி தொண்டைக்குள் இறங்கிவிட, ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்தேன், தலைமாட்டில் வைத்த சொம்பு நிற்காமல் காலியானது. தங்கச்சிக்கு மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், புண் ஆறும்வரை அங்கே மருந்து ஒழுங்காக ஏறும் என்று நம்ப முடியாது.

மாத்திரையில் 100 மைக்ரோகிராம் என்று பார்த்துப் பயப்படாதே. ஸ்ப்ரேயில் ஒரு தடவைக்கு 10தான், ஆனால் வாய்வழி போவதை வயிறு செரித்துவிடுவதால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரத்தத்துக்குப் போகிறது. அதனால் கணக்குப் போட்டு மாற்றுகிற வேலை வேண்டாம், டாக்டர்தான் அளவைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் இன்னும் குறையும். நான் காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு, இட்லியைக் கொஞ்சம் தள்ளித்தான் தொடுவேன்.

அப்புறம் முக்கியமானது சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பு. இந்த மருந்து தண்ணீரை உடம்பிலேயே நிறுத்திவைப்பதால், அதிகம் குடித்தால் அது நீர்த்து இறங்கிவிடும். மருந்து உள்ளே இருக்கும்போது, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "நிறையத் தண்ணி குடிம்மா" என்பார்கள், கேட்காதே, தாகத்துக்கு மட்டும் குடித்தால் போதும். தலைவலி, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் என்றால் உடனே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஸ்ப்ரேயிலிருந்து வாயில் கரையும் மாத்திரைக்கு மாறியவர்களுக்குச் சோடியம் இறங்குவது குறைந்ததாகப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வேளை மருந்துக்கு முன்னால் சிறுநீர் ஒருமுறை தாராளமாகப் போக விடலாமா என்றும் டாக்டரிடம் கேள், எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இது சர்க்கரை நோய் இல்லை, இந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. காய்ச்சலுக்குப் படுத்திருந்தபோது எனக்கு ஒரு இடத்தில் விரலைக் குத்திக் குத்திச் சுகர் பார்த்தார்கள், மாத்திரையைக் கேட்டால் தரவில்லை. 'டயாபடீஸ்' என்ற சொல்லால் வரும் இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2022-ல் நோயின் பெயரையே, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனின் பெயரால், வாசோபிரசின் குறைபாடு என்று மாற்றினார்கள்.

சோடியம் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை, கூப்பிடு.

உன் நண்பன்