50 மீட்டரை எங்கிருந்து அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சதுப்புநிலத்தை ஒட்டிய மனையில் 50 மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது பள்ளிக்கரணைப் பக்கம் மனை வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து 50 என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கோட்டைக் காட்டுகிறார்கள். சர்வே கல்லிலிருந்தோ, கோடையில் தண்ணீர் நிற்கும் விளிம்பிலிருந்தோ டேப் பிடிப்பது தவறு. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின்படி, அவை அமலுக்கு வருவதற்கு முந்தைய 10 ஆண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். 2015 வெள்ளமும் அந்தக் கணக்கில் சேரும். அந்த 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது.

மட்டம் என்றால் உயரம். 500க்கு 1 சரிவுள்ள தரையில் 30 செ.மீ. உயரம் மாறினால் வெள்ளக் கோடு 150 மீட்டர் தள்ளிப்போகும். அதனால்தான் மனை விற்பவர்கள் முதலில் ஐந்தடிக்குக் கிராவல் கொட்டுகிறார்கள், பிறகு லெவல் எடுக்கிறார்கள், அதாவது தரையின் உயரத்தை அளக்கிறார்கள். கோடு மனைக்கு வெளியே போய்விடுகிறது!

பழைய தரையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. ஜேசிபியால் ஒரு குழி போதும். மேலே சிவப்புக் கிராவலும் செங்கல் துண்டும் வரும். அடியில் நத்தைக் கூடும் கோரை வேரும் கலந்த கறுப்புக் களிமண். நிறம் மாறும் இடத்தில் ஸ்டாஃபை (அளவுக்கோலை) வைத்து லெவல் எடுக்க வேண்டும், அதுவும் கடல்மட்டத்தோடு இணைந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் குறித்த நிலையான அடையாளத்திலிருந்து). எதிர்ச் சாலையின் உயரத்தை 100.00 என்று வைத்துக்கொண்டு எடுத்த லெவல் எதற்கும் உதவாது. தார் போடும்போதெல்லாம் சாலை உயர்கிறதே.

இன்னொரு குழப்பம், எந்தச் சட்டம் என்பது. 2022இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் 1,247.54 ஹெக்டேரில் பாதிக்கு மேல் காப்புக்காடு. அங்கே வனச் சட்டம். மீதிக்கு, பட்டா நிலம் உட்பட, ஈரநில விதிகள். முட்டுக்காடு கழிமுகப் பக்கம் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கை. அங்கே அளவு உயர் அலைக் கோட்டிலிருந்து, 50 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. ஆகவே ‘சி.ஆர்.இசட். வராது’ என்ற கடிதத்தைக் காட்டி பள்ளிக்கரணையில் மனை விற்பவரிடம் ஈரநில விதியைத் தனியாகக் கேளுங்கள்.

கட்டட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) செய்ய வேண்டியது இதுதான்: திட்ட அனுமதி வரைபடத்தில் நிரப்புவதற்கு முந்தைய மட்டம், இப்போதைய மட்டம் இரண்டையும் கேட்க வேண்டும். சர்வே எண் வாரியாக வெள்ள மட்டத்தை இணையத்தில் வெளியிட்டு, கோட்டில் கல் நட வேண்டும்.

நில அளவைப் பணியிலுள்ள வாசகர்கள்,
சென்னை-100