கோரை மருந்துக்கு அடங்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூங்கா நடைபாதையெல்லாம் களை மண்டிக் கிடக்கிறது, ஒரே ஒரு தடவை களைக்கொல்லி அடித்தால் தீர்ந்தது என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். களை மண்டிக் கிடப்பது உண்மைதான். 'ஒரே ஒரு தடவை' என்பதைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்துவிட்டது. பொதுப்பூங்காவில் 31 வருஷம் தோட்ட வேலை பார்த்தவன் நான். அதில் முதல் 14 வருஷம், முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு அந்த ஒரே ஒரு தடவையை வருஷத்துக்கு மூன்று தடவை அடித்திருக்கிறேன்.

அடித்துப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் வைக்கோல் நிறமாகக் கிடக்கும். மேற்பார்வையாளர் வந்து தலையாட்டிவிட்டுப் போவார். அப்புறம் ஒரு மழை பெய்யும். கிளைபோசேட் போன்ற களைக்கொல்லி மருந்து பச்சை இலை வழியாகத்தான் செடிக்குள் இறங்கும். மண்ணுக்குள் கிடக்கிற விதையை அது ஒன்றும் செய்யாது. செடி செத்த இடமோ இப்போது நிழலும் போட்டியும் இல்லாத வெறும் மண். விதைக்கு வேறென்ன வேண்டும்?

கோரை இன்னும் மோசம். இலையைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும், பிடுங்கிவிட்டோம் என்று ஏமாந்துபோவோம். அதே இடத்தில் ஒரு சாண் ஆழம் கிளறிப் பாருங்கள். கறுப்பாக ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி மாதிரி ஒன்று ஓடி அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து மற்றொன்று என்று சரம் சரமாக வரும். இதில் பாதி, முளைக்காமல் தூங்கிக்கொண்டிருக்கும். இலையில் அடித்த மருந்து தூங்குகிற கிழங்கு வரைக்கும் சரியாகப் போய்ச் சேராது. என் கணக்கில் கோரையை ஜெயித்தது ஒரே ஒரு பாத்தியில்தான். தலைகாட்டியதை எல்லாம் வாரம் தவறாமல் தோண்டி எடுத்து, மிச்சம் இருந்த கிழங்கு இலை விட்டுத் தேறுவதற்குள் மறுபடி தோண்டி, அதற்கு மேல் அடர்த்தியாக நிழல் கட்டும் செடிகளை வைத்தோம். கோரைக்கு நிழல் ஆகாது. அதற்கே இரண்டு வருஷம் பிடித்தது.

நான் தெளிப்பானை இறக்கி வைத்ததற்குக் காரணம் ஒரு குழந்தை. அரை மணி நேரத்துக்கு முன்னால் அடித்த புல்லில், ஈரம்கூடக் காயவில்லை, அது செருப்பில்லாமல் ஓடி விழுந்து புரண்டது. "என்னங்க வாசனை இது?" என்று அம்மா கேட்டார். "மருந்தும்மா" என்றேன். கொசுவுக்கு என்று நினைத்துக்கொண்டு சரி என்றார். நட்டு வைக்க ஒரு எச்சரிக்கைப் பலகைகூட எனக்குக் கொடுத்திருக்கவில்லை. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

கிளைபோசேட் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. அப்படி வர வாய்ப்பில்லை என்று அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் சொல்கின்றன. அந்த வழக்கைத் தீர்க்க எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் பொதுப் பூங்காக்களில் உள்ளாட்சிகள் ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. அங்கே பூங்கா எதுவும் காடாகிவிடவில்லை.

மருந்தை விட்டபின் எங்களுக்கு அதிகம் உதவியது மூடாக்கு. அதுவரை கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்த சருகையும் வெட்டிப்போட்ட கிளைகளின் தூளையும் பாத்தியில் நான்கு விரல் உயரம் பரப்பினோம். வெளிச்சம் படாததால் விதை முளைப்பது வெகுவாகக் குறைந்துபோனது. அடிமரத்தில் ஒட்டிக் குவித்தால் மட்டும் பட்டை அழுகும், அதனால் ஒரு கை அகலம் தள்ளிப் போட வேண்டும். புல்தரையில் களை ஏறியதற்குக் காரணமே நாங்கள்தான். மொட்டையடித்த மாதிரி ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தோம். மூன்று அங்குலம் விட்டு வெட்ட ஆரம்பித்ததும் புல்லே களையை அமுக்கிக்கொண்டது.

களைக்கொத்தி பிடிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும், ஆழமாக வேர் விட்டதை அன்றைக்குக் கையால் பிடுங்க வேண்டும். சின்னக் களையை வெயில் நாளில் காலையிலேயே மேலாகச் சுரண்டிவிட்டால் மத்தியானத்துக்குள் வாடிவிடும். ஆழமாகக் கொத்தினால் அடியில் புதைந்த விதையை நாமே மேலே கொண்டுவந்து முளைக்கவைத்த மாதிரி. பருப்புக்கீரையைப் பிடுங்கிய இடத்திலேயே போடாதீர்கள், ஈரம் பட்டால் திரும்ப வேர் பிடிக்கும். எந்தக் களையானாலும் பூக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். பூத்த பிறகு எடுப்பதில் பாதி வேலை வீண்.

நடைபாதைக் கல் இடுக்குக்குக் கொதிநீர் போதும். இளங்களை ஒரு தடவையில் சுருண்டுவிடும், கெட்டிப்பட்டதற்கு இரண்டு மூன்று தடவை ஊற்ற வேண்டும். உப்பு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்களில் ஒருவர் பாதை ஓரமாகக் கொட்டினார், பக்கத்து வேலிச்செடி எட்டு அடிக்குக் கருகியது. களை மட்டும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், மறுக்கவில்லை. பூங்கா நிர்வாகம் மருந்துக்குச் செலவழிப்பதை ஆளுக்குச் செலவழித்தாலும் முதல் இரண்டு வருஷம் பற்றாது. எல்லா மூலையையும் துடைத்து வைக்கவும் தேவையில்லை. ஊஞ்சல் பக்கத்தில் நெருஞ்சி இருக்கக் கூடாது. பின்வேலி ஓரம் நாலு செடி பூத்துக் கிடந்தால் பட்டாம்பூச்சிக்காவது ஆகும். இதெல்லாம் நடக்கும் வரை மருந்து அடிக்கத்தான் போகிறார்கள் என்றால், முந்தின நாளே பலகை வைத்துப் புல்தரையைக் கயிறு கட்டி மறிக்கட்டும்.

அந்த வாசகரிடம் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் களைக்கொத்தி இரண்டு இருக்கிறது. அடுத்த மழை விட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரும் வரட்டும். முழங்கால் வலி என்றால் பெஞ்சில் உட்கார்ந்து, நான் பிடுங்கிப் போடுவதில் விதை பிடித்ததைத் தனியே பிரித்துக் கொடுத்தாலும் எனக்கு வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூங்காத் தோட்டக்காரர்