மாயக்கதைகளைப் பூட்டி வைக்காதீர்கள்

பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக நீங்கள் தயாரிக்கும் பட்டியல்களை விடாமல் பார்த்து வருகிறேன். அறிவியல் இருக்கிறது, தலைவர்களின் வாழ்க்கை இருக்கிறது, பொது அறிவு நிறையவே இருக்கிறது. மாயக்கதைகள் மட்டும் சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகங்களோடு நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டி வருகிற ஒன்றிரண்டிலும் பயம் இருக்காது, சாவு இருக்காது, கடைசிப் பக்கத்தில் நீதி மட்டும் தவறாமல் இருக்கும். பயமும் துக்கமும் உள்ள மாயக்கதைகளை ஒதுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது நடந்தபோது என் அப்பா காலமானார். பேசினால் அழுவாள் என்று வீட்டில் யாரும் அவளிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் அவளும் நானும் இரவில் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் ‘தி பிரதர்ஸ் லயன்ஹார்ட்’ படித்துக்கொண்டிருந்தோம். 1973இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டுக் கதை. கார்ல் என்ற சிறுவன் நோயில் படுத்திருக்கிறான்; தான் பிழைக்கமாட்டோம் என்பது அவனுக்குத் தெரியும். இரவில் இருமல் வந்தால் அண்ணன் எழுந்து தேன் கலந்த வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பான். செத்தபின் போகிற நங்கியாலா என்ற நாட்டைப் பற்றித் தம்பிக்குச் சொல்வான். அந்த இடத்தில் அவள் பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள். “தாத்தா ராத்திரி இருமினப்ப யாரு முழிச்சிருந்தாங்க அத்தை?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். அன்று வெகுநேரம் தாத்தாவைப் பற்றியே பேசினோம். புத்தகம் மடியில் திறந்தபடி கிடந்தது.

அவள் படித்த பள்ளியின் நூலகத்தில், சாவு வருகிறது என்பதற்காக அதே புத்தகத்தைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியின் உடம்புக்குள் அரக்கனின் உயிர் இருப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அரக்கனின் பல்லைப் பிடுங்கிவிட்டு யாரும் நமக்குக் கதை சொல்லவில்லை.

பதினொரு, பன்னிரண்டு வயதுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது உர்சுலா கே. லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’. 1968இல் வந்தது. மந்திரவாதிகள் என்றாலே நரைத்த தாடிக் கிழவர்கள்தானா, அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கே போய்க் கற்றுக்கொண்டார்கள் என்று யோசித்ததில் பிறந்த கதை என்று அவரே எழுதியிருக்கிறார். கெட் என்ற செம்பழுப்பு நிறச் சிறுவன், சக மாணவனிடம் தன் திறமையைக் காட்டும் வீம்பில், செத்தவர்களின் உலகிலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. தழும்பு கடைசிவரை போவதில்லை. தீவுக்குத் தீவு ஓடி ஒளிகிறவன் ஒரு கட்டத்தில் திரும்பி நின்று அந்த நிழலைத் துரத்தத் தொடங்குகிறான். முடிவை நான் சொல்லமாட்டேன். தன் தப்பை ஒளித்து வைக்கத் தெரிந்த வயதில் ஒரு பிள்ளை இதைத் தானே படித்து அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

ஒன்பது வயதுக்காரர்களுக்கு மிஹாயேல் எண்டேயின் ‘மோமோ’. மனிதர்களின் நேரத்தைத் திருடும் சாம்பல் நிற ஆட்கள் வருகிறார்கள். தெருக் கூட்டும் பெப்போ தாத்தா, தெரு முழுவதையும் ஒரேயடியாக நினைக்கக் கூடாது, அடுத்த அடி, அடுத்த மூச்சு, அடுத்த வீச்சு என்று மோமோவிடம் சொல்கிற பக்கத்தை மட்டுமாவது வாசித்துப் பாருங்கள். பரீட்சைக்கு முந்தின இரவில் அண்ணன் மகள் அதைத் தேடி எடுத்துப் படித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சிறியவர்களுக்குத் தோவெ யான்சனின் மூமின் கதைகள். பெரிய பிள்ளைகளுக்கு நஹோகோ உவேஹாஷியின் ‘மோரிபிட்டோ’. முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஈட்டியோடு ஓர் இளவரசனைக் காக்கிறாள். சிறுவர் கதையில் நாயகி சிறுமியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹாரி பாட்டரைப் பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ 1937இல் வெளிவரும் முன், பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதன் கைப்பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலியும் கொடுத்து, கருத்து எழுதி வாங்கினார். நல்லா இருக்கு என்று பையன் எழுதினான், புத்தகம் வந்தது. உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அந்த வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை அழையுங்கள். இந்தப் புத்தகங்களை ஒரு மாதம் முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ‘லயன்ஹார்ட்’ கிடைக்கவில்லை என்றால் எங்கள் பிரதியை அனுப்புகிறேன். அண்ணன் மகளிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் ஓர் அத்தை